இருபத்தொரு நாளுக்கு ஒரு ஊசி

அந்தப் பெண்கள் விடுதியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் தலைவலிக்குப் பஞ்சமே கிடையாது. பரீட்சை வந்தால் தலைவலி, வீட்டிலிருந்து கடிதம் வந்தால் தலைவலி, வராவிட்டால் அதைவிடப் பெரிய தலைவலி. ராஜபாளையத்தில் மில்களைத் தாண்டி ஊருக்கு வெளியே இருந்தது கல்லூரி. விடுதியில் இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நர்ஸ், ஹாஜரா. இரண்டு கட்டில், ஒரு இரும்பு பீரோ, ஒரு நீள நோட்டு. வாசலில் ‘சிக் ரூம்’ என்று போர்டு. யார் வந்தது, என்ன கோளாறு, என்ன கொடுத்தது என்று நோட்டில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் பிரின்சிபால் அம்மா அதைப் புரட்டிப் பார்த்து, "பரவாயில்லையே, பெருசா ஒண்ணும் இல்ல" என்று கையெழுத்துப் போடுவார்.

ஹாஜராவுக்கு நாற்பத்து மூன்று வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் வீடு. காலை ஏழரை பஸ்ஸில் வருவாள், சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் போவாள். வாய் எட்டூருக்குக் கேட்கும். பட்டினி கிடந்து மயங்கி விழுகிற பிள்ளைகளை முதலில் திட்டுவாள், பிறகுதான் குளுக்கோஸ் கரைப்பாள். "ஏட்டி, ஒல்லியா இருந்தா ராஜகுமாரன் வருவான்னு எவ சொன்னா ஒனக்கு?" என்று அவள் போடும் சத்தத்திலேயே பாதிப் பேருக்கு மயக்கம் தெளிந்துவிடும். ஆனால் ஒருத்தி உட்கார்ந்து அழுதால், ஏன் எதற்கு என்று கேட்காமல், அழுது முடிக்கும் மட்டும் பக்கத்தில் இருப்பாள்.

சண்முகத்தாய் சேர்ந்த இரண்டாவது மாதம், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி நடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். தேவதானத்துப் பிள்ளை, வேதியியல் படித்தாள். சின்ன வயதில் முட்டியெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தவள் என்று தெரிந்ததும் ஹாஜராவுக்குச் சந்தேகம் தட்டியது. அவளுடைய அம்மா வெள்ளத்தாயை வரவழைத்து, ஒரு சனிக்கிழமை இரண்டு பேரையும் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பரிசோதித்த டாக்டர், இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறது என்றார். இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட வேண்டும், தவறவே கூடாது, இன்னும் பல வருஷத்துக்கு. தவறினால் பழைய காய்ச்சல் திரும்பி வந்து வால்வை இன்னும் கெடுக்கும்.

"கல்யாணம்னு பேச்சு வந்தா முதல்ல இங்க கூட்டிட்டு வந்திருங்க. வால்வைச் சரி பண்ணாம பிள்ளை உண்டாகக் கூடாது. இந்த இதயம் தாங்காது" என்று அவர் இரண்டு தடவை சொன்னார்.

மதுரை பஸ் ஸ்டாண்டில் மகள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து வெள்ளத்தாய் ஹாஜராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், ஒங்க கால்ல விழுந்து கேக்கேன். இது நம்ம மூணு பேரோட போகட்டும். அவிய அப்பாவுக்குக்கூடத் தெரிய வேண்டாம்."

"பெத்த தகப்பனுக்குத் தெரியாமயா?"

"அவியளுக்குத் தெரிஞ்சா அவிய அக்காவுக்குத் தெரியும். அக்கா மகனுக்குத்தான் இவளப் பேசி வச்சிருக்கு, தொட்டில்ல கெடந்தப்பவே. நெஞ்சுல நோவுன்னு ஒரு வார்த்தை ஊருக்குள்ள விழுந்தாப் போதும் சிஸ்டர். இவளுக்குக் கீழ இன்னொருத்தி இருக்கா. ரெண்டு பேரையும் எவன் வந்து கேப்பான்?"

வேறு விஷயமாக இருந்தால் ஹாஜரா நாலு ஏச்சு ஏசியிருப்பாள். ஆனால் அவள் மகள் மாஜிதாவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, அவளுடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தவளும் இதே ஹாஜராதான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பது எல்லாச் சாதிக்கும் எல்லா மதத்துக்கும் பொதுவான வேதம். மாஜிதா இன்றைக்குக் கடையநல்லூரில் கண்ணாடியும் கணவனுமாக நன்றாகத்தான் இருக்கிறாள்.

"படிப்பு முடியிற வரைக்கும் கல்யாணம் கெடையாதுல்ல?" என்று கேட்டாள்.

"கெடையவே கெடையாது. டிகிரி முடிச்சுத்தான்னு அவிய அப்பா சொல்லிட்டாவ."

"அப்பச் சரி. மூணு வருஷம் இருக்கு. அதுக்குள்ள வால்வைச் சரி பண்ணிருவோம்."

அப்படித்தான் அந்த ஒப்பந்தம் ஆனது. மதுரைக் காகிதங்கள் ஹாஜராவின் பீரோவுக்குள் போயின. இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை சண்முகத்தாய் சிக் ரூமுக்கு வருவாள், ஹாஜரா கதவைச் சாத்திவிட்டு ஊசி போடுவாள். பால் மாதிரிக் கெட்டியான மருந்து. இறங்குவதற்குள் உயிர் போய்விடும். வலி தெரியாமல் இருக்க அந்தப் பிள்ளை தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று தனிமங்களை வரிசையாக ஒப்பிப்பாள். "கால்சியத்துக்குள்ள முடிச்சிருவேன்டி" என்பாள் ஹாஜரா. பெரும்பாலும் குளோரினுக்குள் முடித்துவிடுவாள். பிறகு நோட்டில் எழுதுவாள்: சண்முகத்தாய், தலைவலி, மாத்திரை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு வருஷத்துக்கு மேல் செய்தாள். ஒரு ஊசிகூடத் தவறவில்லை. பிள்ளை மூச்சு வாங்காமல் மாடி ஏறினாள்.

தொண்ணூற்றைந்தில் அந்த வட்டாரத்தில் சாதிச் சண்டை மூண்டது. யார் முதலில் தொடங்கினார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதைக் கேட்டு என்ன ஆகப் போகிறது. முதலில் பஸ் கண்ணாடி உடைந்தது, பிறகு பஸ்ஸே எரிந்தது. தினம் ஒரு ஊரின் பெயர் பேப்பரில் வந்தது. விடுதியில், போன வாரம் வரைக்கும் ஒரே தட்டில் பிசைந்து தின்ற பிள்ளைகள் இந்த வாரம் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்தார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் என்று ஊரைச் சொல்லவே பயந்தார்கள். ஹாஜராவின் அறைக்கு ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்தார்கள். படபடப்பு, வயிற்று வலி, தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. ஒருத்தி அண்ணனிடமிருந்து தகவல் இல்லையென்று மூன்று நாளாகத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை.

ஹாஜரா பிரின்சிபால் அம்மாவிடம் போனாள். "மாத்திரையில அடங்குற சமாச்சாரம் இல்லம்மா இது. சாயங்காலம் எல்லாத்தையும் ஒண்ணா உக்கார வச்சு ஆளுக்கு ஒரு தம்ளர் பால் குடுப்போம். ஆபீஸ் போனைத் திறந்து விடுங்க, ஆளுக்கு ரெண்டு நிமிஷம் வீட்டுக்குப் பேசட்டும்."

"நீங்க மாத்திரை குடுங்க சிஸ்டர், அது போதும். மத்ததை நிர்வாகம் பாத்துக்கிடும்" என்றார் அவர்.

நிர்வாகம் பார்த்துக்கொண்டது. அடுத்த புதன்கிழமை நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டினார்கள்: மாணவியரின் நலன் கருதி, கல்லூரி காலவரையின்றி மூடப்படுகிறது, மாலை நான்கு மணிக்குள் விடுதியைக் காலி செய்ய வேண்டும். நலன் கருதுகிறவர்கள் நாலு மணிக்கு மேல் கருத மாட்டார்கள் போலிருக்கிறது. கேட் வாசலில் தகப்பன்மார்களும் அண்ணன்மார்களும் வேனும் ஜீப்புமாக வந்து நின்றார்கள். பிள்ளைகள் கட்டிப் பிடித்து அழுதார்கள். சிலர் கட்டிப் பிடிக்கத் தயங்கி நின்று அழுதார்கள்.

சண்முகத்தாய்க்கு அடுத்த ஊசிக்கு ஒன்பது நாள் இருந்தது. முன்கூட்டியே போட்டுவிடலாம் என்றால் கையில் மருந்து இல்லை. இரண்டு நாளாக டவுனில் எல்லாக் கடையும் அடைப்பு. ஹாஜரா அவளைத் தனியாகக் கூப்பிட்டு விவரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தகப்பன் கருத்தையா சிக் ரூம் வாசலில் வந்து நின்றார். கை கால் முழுக்க வயல் வேலை தெரிகிற மனிதர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"நர்சம்மா, ஒண்ணு கேக்கணும். எம் மக அடிக்கடி இங்க வருதாளாமே, கூட இருக்க பிள்ளைக சொல்லுதுக. என்ன செய்யுது அவளுக்கு? எங்கிட்ட மறைக்காதீக."

தகப்பனுக்குப் பின்னால் நின்ற சண்முகத்தாய் தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று. வெளியே வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். ஹாஜரா நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

"தலைவலிங்க. படிக்கிற பிள்ளைகளுக்கு வர்றதுதான். நீங்களே பாருங்க."

அவர் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். முகம் தெளிந்தது. "அம்புட்டுத்தானா! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தார். போகும்போது ஹாஜரா பிள்ளையின் காதில், "எப்பாடு பட்டாவது ஒம்பதாம் நாள் எங்க வீட்டுக்கு வந்திரு" என்றாள். "வந்திருவேன் சிஸ்டர்" என்றாள் அவள்.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருந்துக் கடைக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டி ஹாஜரா மருந்தை வாங்கி வைத்துவிட்டாள். ஒன்பதாம் நாள் காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. ராஜபாளையத்துக்கே போலீஸ் துணையோடுதான் பஸ் போனது; அதற்குத் தெற்கே, தேவதானத்துக்குப் போகிற சேத்தூர்ப் பக்கம் பஸ்ஸே இல்லை. பிள்ளை எப்படி வருவாள்? நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தர உடனே வரவும் என்று ஒரு கார்டு எழுதிப் போட்டாள். பதில் இல்லை. இன்னொரு கார்டு போட்டாள். சோறு தின்னும்போதும் தொழும்போதும் கடைசி ஊசியிலிருந்து நாள் எண்ணிக்கைதான் மனசில் ஓடியது. இருபத்தைந்து ஆயிற்று, முப்பது ஆயிற்று.

"நான் போயி ஒரு எட்டு பாத்துட்டு வந்திருதேன்" என்றாள் கணவன் ஹமீதிடம்.

"காக்கிச் சட்டைக்காரனே போகப் பயப்படுற ரோட்டுல நீ என்னத்துக்குப் போற? ஊரான் பிள்ளைக்கு அவ தாய் தகப்பன் இல்லையா?"

"தகப்பனுக்குத் தெரியாதுங்க. தாய் வாயத் தொறக்க மாட்டா. ஊசி போடுறவ நான் ஒருத்திதான்."

முப்பத்து நாலாம் நாள் ஹமீதே வந்து பஸ் ஏற்றிவிட்டார். ராஜபாளையத்திலிருந்து மலைச்சாமி என்கிற பால் வேன்காரர், "நர்சம்மான்னா ஏறிக்கிடுங்க, நோவுக்குப் போறவியள எவனும் மறிக்க மாட்டான்" என்று முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டார். வழியில் டீக்கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் எரிந்த பஸ்ஸின் கூடு நின்றது. ஹாஜரா மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வழி முழுக்க துஆ செய்துகொண்டு போனாள்.

தேவதானத்தில் கருத்தையாவின் வீட்டு நிலையில் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கியது. வாசலில் கட்டிய வாழை இன்னும் முழுசாக வாடவில்லை. அதைப் பார்த்ததுமே ஹாஜராவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. உள்ளேயிருந்து வந்த வெள்ளத்தாய் அவளைக் கண்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். கருத்தையாதான் சந்தோஷமாக எழுந்து வந்தார்.

"வாங்க நர்சம்மா! சொல்லிவிட முடியல, மன்னிச்சுக்கிடணும். யாருக்குமே சொல்லல. போன வெள்ளிக்கெழமை அக்கா மகனுக்கே முடிச்சு வச்சாச்சு. பத்தே பேரு."

"டிகிரி முடிச்சுத்தான்னு சொன்னீகளே?"

"சொன்னேன். காலம் கெடக்குற கெடையப் பாத்தீகளா? காலேசு எப்பத் தொறப்பாகன்னு தெரியாது. வயசுக்கு வந்த பிள்ளைக ரெண்டையும் வீட்டுல வச்சுக்கிட்டு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு எத்தன நாளைக்கு முழிச்சிருக்கது? ஒண்ணையாவது கரையேத்துவோம்னுதான்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அதுலயும் நர்சம்மா, ஒங்களுக்குத்தான் நான் கடமைப்பட்டிருக்கேன். பிள்ளை ஆஸ்டல்ல அடிக்கடி ஊசி மருந்துன்னு போகுதாம்னு எவளோ எங்க அக்கா காதுல போட்டுட்டா. அக்கா தயங்கிருச்சு. நான்தான் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணேன். நர்சம்மா நோட்டையே என் கண்ணால பாத்தேன், வெறும் தலைவலிதான்னு."

வெள்ளத்தாய் கொண்டு வந்த தண்ணீரை வாங்கி ஹாஜரா அப்படியே கீழே வைத்துவிட்டு, பிள்ளை எங்கே என்று கேட்டாள்.

பெண்ணைக் கொடுத்த வீடு அடுத்த தெருவில்தான். கருத்தையாவின் அக்கா சுந்தரம்மாள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் ஹாஜராவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மருமகளைத் தரையில் உட்கார விடாமல் கட்டிலில் உட்கார வைத்து, அவள் முட்டிக்குச் சூடாகத் தவிட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். முட்டி வீங்கியிருந்தது. ஹாஜரா தொட்டுப் பார்த்தாள், உடம்பு கொதித்தது.

"எத்தன நாளா?"

"அஞ்சாறு நாளா இருக்கு சிஸ்டர். தொண்ட வலிச்சது, பொறவு காய்ச்சல்" என்றாள் சண்முகத்தாய். மஞ்சள் கயிறு கழுத்தில் புதுசாகக் கிடந்தது. மாப்பிள்ளை காமராஜ், மில்லில் வேலை பார்க்கிறவன், நர்சுக்கு உட்கார ஸ்டூல் எடுத்துப் போட்டுவிட்டு ஓரமாக நின்றான்.

ஹாஜரா பையைத் திறந்தாள். ஒரு பொய்யை வளர்த்தவளுக்கு இன்னொரு பொய் உடனே வந்தது. "கவர்மெண்ட்ல சொல்லியிருக்காங்க. காய்ச்சல் பரவுதுன்னு எங்க காலேஜ் பிள்ளைகளுக்கெல்லாம் வீடு வீடா ஊசி போட்டுட்டு வாரேன்."

சுந்தரம்மாள் எழுந்து வந்து, மரியாதையாகத்தான், பையின் வாயை மூடினாள். "வேண்டாம் தாயி. தாலி ஏறி இன்னும் எட்டு நாள் ஆகல. உண்டாகப் போற ஒடம்பு. இப்பப் போயி ஊசி, மாத்திரைன்னு ஏத்தினா வயித்துல ஒண்ணும் தங்காது. கஷாயம் வச்சுக் குடுக்கேன், சரியாப் போயிரும்."

"இல்லம்மா, இது கட்டாயம் போடணும்."

"காலேசுதான் முடிஞ்சு போச்சே தாயி. பொறவு என்ன கட்டாயம்?"

வாசலில் நின்ற வெள்ளத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். ஹாஜரா சண்முகத்தாயைப் பார்த்தாள். நீயாவது சொல்லு என்று கண்ணால் கெஞ்சினாள். அந்தப் பிள்ளை கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். நீங்க போங்க" என்றாள். எட்டூருக்குக் கேட்கும் வாய் அந்த ஒரு வீட்டுக்குள் திறக்கவில்லை. அன்றைக்கு உண்மையைப் போட்டு உடைத்திருக்க வேண்டும் என்று பிறகு ஆயுசு பூராவும் நினைத்தாள். நினைத்து என்ன செய்ய.

ரோடு வரைக்கும் கருத்தையா கூட வந்தார். பாதி வழியில் ஹாஜரா நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். மதுரை, வால்வு, ஊசி, நோட்டில் எழுதிய பொய், டாக்டர் இரண்டு தடவை சொன்ன வார்த்தை. அவர் வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தன்னை அடிக்க வருவார், காறித் துப்புவார் என்று ஹாஜரா எதிர்பார்த்தாள். அதை வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தாள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தெரிஞ்சா திருப்பி அனுப்பிருவாகளா சிஸ்டர்?"

"அனுப்பினா அனுப்பட்டுமே. உசுரோட இருப்பாள்ல?"

"சூடம் அணைச்சிருக்கேன். எங்கக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இது நம்ம நாலு பேரோட போகட்டும் சிஸ்டர். கோயிலுக்குன்னு சொல்லி நானே ஒங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாரேன், நாள் தவறாம."

"கூட்டிட்டு வாங்க. ஆனா அது போதாது. பிள்ளை உண்டாகக் கூடாதுங்க."

"அதைத் தகப்பன் எப்படிச் சொல்ல முடியும்?" என்றார் அவர். தாய் சொல்லட்டும் என்றாள் ஹாஜரா. தாய் சொன்னாளா, சொன்னால் மகள் யாரிடம் போய் அதைச் சொல்வாள், ஒன்றும் தெரியாது.

பஸ் ஓட ஆரம்பித்த பிறகு, வாக்குத் தவறாமல் இரண்டு தடவை கூட்டிக்கொண்டு வந்தார். ஆண்டாள் கோயில் பிரசாதம் ஒரு கையில், மகள் ஒரு கையில். ஹாஜரா தன் வீட்டில் வைத்து ஊசி போட்டாள். சண்முகத்தாய் எதையும் ஒப்பிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மூன்றாவது தடவை அவர் மட்டும் வந்தார். மகள் முழுகாமல் இருக்கிறாள், அலையக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டது என்றார். ஹாஜரா கத்தினாள். இப்போதே மதுரைக்குக் கொண்டு போங்கள், ஆரம்பத்தில் ஏதாவது செய்ய முடியும் என்று கத்தினாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "முத பேரப்பிள்ளை சிஸ்டர். அக்கா தெருவெல்லாம் சீனி குடுத்திருக்கு" என்றார்.

இதற்குள் கல்லூரி திறந்திருந்தது. முதல் நாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் பிரின்சிபால் அம்மா, இத்தனை கலவரத்திலும் நம் மாணவியரில் ஒருத்திக்குக்கூட ஒரு கீறல் விழவில்லை என்று பெருமையோடு பேசினார். அது பொய்யில்லை. பதினேழு பிள்ளைகள் மட்டும் திரும்பி வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே ‘திருமணம்’ என்று எழுதிச் சிவப்புக் கோடு போட்டார்கள். விடுதி வார்டன் ஜெயபாய் சிக் ரூமுக்கு வந்து, "பரவாயில்ல சிஸ்டர், இந்த வருஷம் கட்டில் கொஞ்சம் தாராளமா இருக்கு" என்றாள்.

ஆறாவது மாதம் சண்முகத்தாயால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கினாள். வயிற்றுப் பாரம் என்றார்கள், ரெட்டைப் பிள்ளையாக இருக்கும் என்றார்கள். இருமலில் ரத்தம் வந்த அன்றைக்குத்தான் சுந்தரம்மாள் பதறிப்போய்க் கார் பிடித்து மதுரைக்குக் கொண்டு போனாள். இதற்கு முன்னால் ஏதாவது நோய் உண்டா என்று கேட்ட டாக்டர்களிடம், தலைவலியைத் தவிர ஒன்றும் இல்லாத பிள்ளை என்று அழுது சத்தியம் செய்தாள் அவள். வெள்ளத்தாய் பக்கத்தில்தான் நின்றாள். அவர்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்தார்கள், செய்ய வேண்டியதையும் செய்தார்கள். இரண்டாம் நாள் விடிகாலை தாயும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள். ஹாஜராவுக்குத் தகவல் வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. அன்று அவள் சிக் ரூமைப் பூட்டிக்கொண்டு அழுத சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் கதவுக்கு வெளியே வந்து நின்றார்கள். ஒருத்திக்கும் தட்டத் தைரியம் வரவில்லை.

ஜூன் மாதம், புது மாணவியர் சேர்க்கை நடந்துகொண்டிருந்த ஒரு காலை நேரத்தில் கருத்தையா வந்தார். பத்து வயது கூடியவர் மாதிரி இருந்தார். சின்ன மகள் வேலுத்தாய் பிளஸ் டூ முடித்துவிட்டு, அக்கா படித்த கல்லூரியிலேயே சேர வேண்டும் என்று விண்ணப்பம் போட்டிருந்தாளாம். அந்தச் சான்றிதழ்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக வந்திருந்தார். அலுவலகத்தில் வாங்கிய கையோடு சிக் ரூம் வாசலில் நின்றார்.

"ஏன், படிக்க வைக்கலையா?" என்றாள் ஹாஜரா.

"மாப்பிள்ளைக்கே குடுத்திரலாம்னு அக்கா சொல்லுது. அதுவும் தங்கமான பையன், எத்தன நாளைக்குத் தனியா நிக்கும்? உறவும் விட்டுப் போகாது."

ஹாஜரா எழுந்துவிட்டாள். "அக்காகிட்ட உண்மையச் சொன்னீகளா?"

"செத்தவளப் பத்தி இனிமே என்ன சொல்லிக்கிட்டு. பிரசவத்துல போனவன்னுதான் ஊர்ல பேரு. அப்படியே இருக்கட்டும்."

"சரி. எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. வேலுத்தாய ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, மதுரையில நெஞ்ச மட்டும் பாத்திருவோம். ரெண்டும் ஒரே வீட்டுல ஒரே பாயில படுத்து வளந்த பிள்ளைக. அவளுக்கும் சின்னதுல முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?"

அவர் சான்றிதழ் உறையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா அவளுக்கு?"

"எங்க வீட்டுல ஏது சிஸ்டர் மாடி?"

"அதுக்குத்தான் சொல்லுதேன், பாத்திருவோம். ஒண்ணுமில்லன்னா சந்தோசமாக் கட்டிக் குடுங்க."

"இருக்குன்னு சொல்லிட்டாகன்னா?" என்றார் கருத்தையா. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளிடம் பதில் இருக்கும் என்று எதிர்பார்த்துக் கேட்டார். ஹாஜராவுக்குச் சொல்வதற்கு எத்தனையோ இருந்தது; இந்த மனிதரிடம் அதைச் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்பதும் தெரிந்திருந்தது. நோட்டை விரித்துக் காட்டியவள் அவள்தான்.

அவர் உறையை இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டு படியிறங்கினார். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"வர்ற பதினெட்டாந் தேதி வச்சிருக்கு. ஒங்களுக்குச் சொல்லாம இருக்க மனசு வரல, அதான் சொல்லிட்டேன். ஆனா நீங்க வர வேண்டாம் சிஸ்டர். வந்தா, நர்சு எதுக்கு வந்திருக்கான்னு கேப்பாக."